லோகோவுக்கு இலக்கணம் எளிமை அல்ல

லோகோ வடிவமைப்பு பற்றிய எந்தப் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான்: எளிமையாகச் செய். கோட்டைக் குறை, நிறத்தைக் குறை, படத்தை எடுத்துவிடு, எழுத்தில் வளைவு நெளிவு எதுவும் வைக்காதே. எளிமையானது மனதில் நிற்கும், மனதில் நிற்பது விற்கும் என்பது இந்தப் பாடத்தின் வாய்ப்பாடு. சாட்சியாக நைக்கியின் வளைகோட்டையும் ஆப்பிளின் கடிபட்ட பழத்தையும் திரையில் காட்டுவார்கள். மாணவரும் குறிப்பெடுத்துக்கொள்கிறார். பிறகு அவர் வேலைக்கு வந்து, ஈரோட்டிலோ விருதுநகரிலோ ஒரு மசாலாத் தூள் கம்பெனிக்கு லோகோ செய்ய உட்காரும்போது, மூன்று தலைமுறையாகப் பாக்கெட்டில் இருந்த மயிலை எடுத்துவிட்டு ஒரு பச்சை வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்தை வைத்துக் கொடுக்கிறார். முதலாளியும் ‘இப்போதான் கார்ப்பரேட் மாதிரி இருக்கு’ என்று மகிழ்ந்து பணம் கொடுக்கிறார்.

இந்த வாய்ப்பாடு தவறானது என்பதே என் கட்சி. எளிமையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எளிமைதான் ஒரு லோகோவை வெற்றிபெற வைக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். பக்கத்தில் இருப்பவை எதனோடும் சேராமல் தனித்துத் தெரிவது, பெயர் சொல்லிக் கேட்கும்படி இருப்பது, நெடுங்காலம் மாறாமல் நிற்பது, நம்பத்தக்க ஒரு பொருளின் மேல் ஒட்டப்பட்டிருப்பது ஆகிய நான்கும்தான் ஒரு லோகோவுக்கு உயிர் கொடுக்கின்றன. எளிமை சில சமயம் இவற்றுக்குத் துணை நிற்கும். சில சமயம் இவற்றையே அழித்துவிடும். எது நடக்கும் என்று பார்க்காமல், எல்லோருக்கும் ஒரே மருந்தாக எளிமையை எழுதிக் கொடுப்பது பிழை.

சாட்சிகளை விசாரிப்போம்

எளிமைக் கட்சியின் முதல் சாட்சி நைக்கி. 1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வரைகலை படித்துக்கொண்டிருந்த கரோலின் டேவிட்சன் என்ற மாணவி அந்த வளைகோட்டை வரைந்து கொடுத்தார். அவருக்குக் கிடைத்த கூலி 35 டாலர். நிறுவனர் ஃபில் நைட்டுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. போகப் போகப் பிடித்துவிடும் என்ற எண்ணத்தில்தான் எடுத்துக்கொண்டார். எளிமைக்குத் தானாகவே ஒரு வசியம் உண்டென்றால், கம்பெனியை நடத்தியவருக்கே முதல் பார்வையில் அது ஏன் வேலை செய்யவில்லை? அந்தக் கோட்டுக்கு வேகம் என்ற பொருளைக் கொடுத்தவர்கள் அந்தக் காலணியைப் போட்டு ஓடிய வீரர்கள். அவர்களை ஆண்டுக்கணக்கில் நம் கண் முன்னே நிறுத்திய விளம்பரங்கள். அதோடு, அந்தக் கோடு நிறுவனத்தின் பெயர் இல்லாமல் தனியாக நிற்கத் தொடங்கியது 1995இல்தான். அதற்கு முன் 24 ஆண்டுகள் பெயரின் துணை அதற்குத் தேவைப்பட்டது.

மற்ற சாட்சிகளையும் இதே கேள்வியோடு பாருங்கள். ஸ்டார்பக்ஸ் 1971இல் தொடங்கியது; தன் பெயரை லோகோவிலிருந்து எடுத்தது 2011இல். மாஸ்டர்கார்டின் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் 1968 முதல் இருப்பவை; எழுத்தில்லாமல் வட்டம் மட்டும் போதும் என்று நிறுவனம் முடிவெடுத்தது 2019இல். ஷெல் நிறுவனம் 1904 முதல் சிப்பியைச் சின்னமாக வைத்திருக்கிறது. ஏறக்குறைய நிஜச் சிப்பியைப் பார்த்து வரைந்தது போல இருந்த அந்தப் படம் பல கட்டங்களாகக் கோடு குறைந்து, ரேமண்ட் லோவி 1971இல் வரைந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சிப்பி சிப்பியாகவே இருந்தது, அதனால் எந்தத் தலைமுறையும் அதைத் தவறவிடவில்லை.

இந்த வரலாறுகள் சொல்வது வகுப்பறைப் பாடத்துக்கு நேர் எதிரானது. இந்த நிறுவனங்கள் எளிமையாக இருந்ததால் பெயர் பெறவில்லை. பெயர் பெற்றுவிட்டதால் எளிமையாக இருக்க முடிந்தது. ஐம்பது வருடம் ஊரறியப் பழகியவர் குரலை மட்டும் கேட்டே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நேற்று வந்தவர் தன் பெயரையும் ஊரையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நேற்று தொடங்கிய கம்பெனிக்கு மாஸ்டர்கார்டு 2019இல் செய்ததை முதல் நாளிலேயே செய்யச் சொல்வது, விளைவைக் காரணம் என்று மாற்றிப் படித்ததால் வந்த வினை.

எளிமையானது அப்படியே மனதில் பதியும் என்ற கூற்றையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 85 மாணவர்களிடம் ஆப்பிள் லோகோவை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். உலகின் மிக எளிய லோகோக்களில் ஒன்று. அந்த மாணவர்களில் பலரின் கையிலும் மேசையிலும் தினமும் இருப்பது. பிழையில்லாமல் வரைந்தவர் ஒரே ஒருவர். கடி எந்தப் பக்கம், இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். ஒன்றுபோல் இருக்கும் பல வடிவங்களை வைத்துச் சரியானதைக் காட்டச் சொன்னபோதும் பாதிப் பேருக்குக் குறைவாகவே சரியாகக் காட்டினார்கள். ஆனாலும் கடைக்குப் போனால் ஆப்பிள் போனை வேறொன்றாக நினைத்து யாரும் வாங்கிவிடுவதில்லை. ஏனென்றால் நினைவு கோட்டைக் கோடாகச் சேமித்து வைப்பதில்லை. ‘கடிபட்ட ஆப்பிள்’ என்ற செய்தியைத்தான் வைத்துக்கொள்கிறது. வேறு எந்தக் கம்ப்யூட்டரின் மேலும் கடிபட்ட பழம் இல்லை என்பதே அந்த லோகோவின் பலம்.

கூட்டத்தில் தனித்துத் தெரிவது

ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் 1933இலேயே இதை ஆய்ந்து சொல்லிவிட்டார். ஒரே மாதிரியான பொருள்களின் வரிசையில் எது மாறுபட்டிருக்கிறதோ அதுதான் நினைவில் தங்கும். இதில் எளிமைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. சிக்கலான படங்களுக்கு நடுவே ஒரு வெறும் வட்டம் நினைவில் நிற்கும். வெறும் வட்டங்களுக்கு நடுவே ஒரு மயில் நிற்கும்.

எளிமைக் கட்சியார் கொண்டாடும் பழைய வெற்றிகளும் இந்த விதிக்கு உட்பட்டவைதான். பிரிட்டனில் பதிவான முதல் வணிகக் குறி பாஸ் மதுபான ஆலையின் சிவப்பு முக்கோணம், ஆண்டு 1876. அதைவிட எளிமையாக ஒன்றை யாரும் வரைந்துவிட முடியாது. ஆனால் அன்று வேறு புட்டிகளின் மேல் அப்படியொரு முக்கோணம் இல்லை. 1961இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கிக்கு செர்மயேஃப், கெய்ஸ்மார் குழு ஓர் எண்கோணத்தைச் செய்து கொடுத்தது. அந்தக் காலத்து அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் எதையும் குறிக்காத வெறும் வடிவத்தைச் சின்னமாக வைத்தவை மிகச் சில. அதனால் அந்த எண்கோணம் தனித்து நின்றது. இன்று அதே பாதையில் ஆயிரம் பேர் போய்விட்ட பிறகு, ஆயிரத்து ஓராவது வட்டமோ எண்கோணமோ யார் கண்ணிலும் படாது. அன்று வேலை செய்த மருந்து இன்று நோயாகிவிட்டது.

இதற்கு அண்மைக் காலச் சான்று ஆடம்பர ஆடை நிறுவனங்கள். செயின்ட் லாரன்ட் 2012இலும், பாலென்சியாகா 2017இலும், பால்மேன், பர்பரி ஆகியவை 2018இலும் எழுத்தின் நுனிக் கொம்புகளை எல்லாம் வெட்டி, தடித்த நேர் எழுத்துக்கு மாறின. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே முதலாளியின் நான்கு கடைகள் என்றுதான் தோன்றும். பர்பரி அதோடு நிற்காமல், நூறாண்டுக்கும் மேலாகத் தன் அடையாளமாக இருந்த குதிரை வீரனையும் லோகோவிலிருந்து இறக்கிவிட்டது. ஐந்தே ஆண்டுகளில், 2023இல், ஈட்டியும் கொடியுமாகக் குதிரை வீரன் திரும்பி வந்தான். கொம்புள்ள எழுத்தும் கூடவே வந்தது. எளிமைதான் எதிர்காலம் என்று சொல்லி எடுத்த முடிவை, அதை எடுத்த நிறுவனமே இவ்வளவு விரைவில் கைவிட்டிருக்கிறது.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. இந்திய வணிகக் குறிகள் சட்டம் 1999இன் ஒன்பதாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு குறியைப் பதிவு செய்ய மறுப்பதற்கு அது சொல்லும் முதல் காரணம், ஒருவரின் சரக்கை இன்னொருவரின் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் தன்மை அந்தக் குறிக்கு இல்லாமை. குறி எளிமையாக இருக்கிறதா என்று சட்டம் எங்கும் கேட்கவில்லை. இன்னொன்றையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது: தொடக்கத்தில் அந்தத் தன்மை இல்லாத குறியும், தொடர்ந்து புழங்கியதால் அதைப் பெற்றுவிட்டால் பதிவுக்குத் தகுதியாகும். வணிகக் குறி வழக்குகளில் நீதிமன்றம் யாரை மனதில் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 1962இல் அமிர்ததாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட அளவுகோல், சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள சாதாரண வாடிக்கையாளர். லோகோவைப் பெரிய திரையில் போட்டு, கோண அளவுகளை விளக்கி ரசிப்பவர் அல்ல.

வாய்விட்டுக் கேட்கும் சின்னம்

அந்தச் சாதாரண வாடிக்கையாளரை நம் ஊர் மளிகைக் கடையில் பார்க்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பொருள் கண்ணுக்கு நேராக இருக்கிறது, கையை நீட்டி எடுத்துக்கொள்கிறோம். பெட்டிக்கடையிலும் மளிகைக் கடையிலும் பொருள் கடைக்காரருக்குப் பின்னால் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால்தான் கிடைக்கும். “அண்ணாச்சி, கப்பல் தீப்பெட்டி ஒண்ணு குடுங்க” என்று ஒரு பையன் கேட்டால், படிக்கத் தெரியாத பாட்டி அனுப்பிய அந்தப் பையன் சரியான பெட்டியோடு வீடு திரும்புவான். சங்கு மார்க் லுங்கி, சைக்கிள் மார்க் ஊதுபத்தி, பொன்வண்டு சோப்பு என்று நம் வீடுகளில் புழங்கிய பெயர்கள் எல்லாம் படத்திலிருந்து எழுந்தவை, அல்லது தங்களுக்கென்றே ஒரு படத்தை வரைய வைத்தவை. சிவகாசியில் அச்சான தீப்பெட்டி லேபிள்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும் அகலம். அதற்குள் கிளி, மான், விளக்கு, ரயில், சிறுத்தையோடு மோதும் மனிதன் என்று முழுப் படம் இருக்கும். படத்தைச் சுற்றி ஒரு கரை. கரைக்குள் இரண்டு மூன்று அடர்ந்த நிறங்கள். இன்றைய பாடத்தின்படி ஒவ்வொன்றும் தோற்க வேண்டிய லோகோ. ஆனால் அவற்றைக் கொண்டுதான் ஒரு மாபெரும் தொழில் தன் சரக்கைக் கிராமம் கிராமமாகப் பிரித்துக் காட்டியது.

சென்னையின் எம்ஆர்எஃப் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கி டயருக்கு வந்த கம்பெனி அது. 1964இல் விளம்பரக் கலைஞர் அலிக் பதம்சி, லாரி ஓட்டுநர்களிடம் டயரில் என்ன வேண்டும் என்று விசாரித்து, பலம் வேண்டும் என்ற பதிலைப் பெற்று, டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் பயில்வானை உருவாக்கினார். பஞ்சர் கடைப் பலகையில் அந்தப் பயில்வானைப் பார்த்த ஓட்டுநருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. பச்சை வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில எழுத்தை அந்த ஓட்டுநர் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்?

இந்தக் கேள்வியை இந்தியா ஒரு தேசம் என்ற அளவிலேயே சந்தித்திருக்கிறது. 1951-52இல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் அவரவர் சின்னத்தை ஒட்டினார்கள். அப்போது தேர்தல் ஆணையம் வெறும் கோடுகளையும் வட்டங்களையும் நாடவில்லை. மாடு, விளக்கு, மரம் என்று மக்கள் தினமும் பார்க்கிற, பார்த்ததும் பெயர் சொல்லக்கூடிய பொருள்களை நாடியது. பிற்காலத்தில் ஆணையத்தின் வரைவாளராக இருந்த எம்.எஸ். சேத்தி பென்சிலால் வரைந்து கொடுத்த சின்னங்களும் அந்த வகைதான்: சைக்கிள், மேசை, விசிறி, சீப்பு. பெயர் சொல்ல முடிகிற படத்தைத்தான் மேடையில் நின்று கேட்க முடியும். “உங்கள் வாக்கை உதயசூரியனுக்குப் போடுங்கள்” என்று சொல்லலாம். “மேல் வலப்பக்கம் வெட்டப்பட்ட நீல வட்டத்துக்குப் போடுங்கள்” என்று யாரும் ஓட்டுக் கேட்க முடியாது.

இரட்டை இலையின் கதை இன்னும் தெளிவானது. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்காக, புதிதாய்ப் பிறந்திருந்த அ.தி.மு.க. பட்டியலில் இருந்து எடுத்த சின்னம் அது. பிராண்ட் ஆலோசகர் யாரும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரு காம்பு, விரிந்த இரண்டு இலைகள், இலைக்கு நடுவே நரம்பு. சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர் ஏணியில் நின்றபடியே சில இழுப்பில் முடித்துவிடுவார். எம்.ஜி.ஆர். இரண்டு விரலைக் காட்டினால் போதும், கூட்டம் புரிந்துகொண்டது. சின்னம் காகிதத்திலிருந்து கைக்கு வந்துவிட்டது. 1988இல் கட்சி பிளந்தபோது ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. 1989 தேர்தலில் ஒரு அணி சேவலோடும் இன்னொரு அணி இரட்டைப் புறாவோடும் களத்துக்குப் போயின. 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முன் மீண்டும் முடக்கம், மீண்டும் மாதக்கணக்கில் வழக்கு. அழகான சின்னத்துக்காகவா இந்தப் போராட்டம்? சேவலும் புறாவும் வரைவதற்கு அழகில் குறைந்தவை அல்ல. இரண்டு அணிகளும் போராடியது அந்த இலைகளுக்குள் சேர்ந்திருந்த பல்லாண்டு நினைவுக்காக. லோகோவின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

மாறாமல் நிற்பதன் பலன்

சேர்ந்திருந்த நினைவைக் கை கழுவினால் என்ன நடக்கும் என்பதற்கு வியாபார உலகில் பெரிய பாடம் டிராபிகானா. அப்போது பெப்ஸிகோவிடம் இருந்த இந்த ஆரஞ்சுச் சாற்றின் அட்டைப்பெட்டியில் ஒரு முழு ஆரஞ்சுப் பழமும் அதில் குத்தி நிற்கும் உறிஞ்சு குழலும் படமாக இருந்தன. பழத்திலிருந்து நேராகக் குடிப்பது போல என்ற எண்ணத்தைப் பார்த்த கணத்திலேயே தரும் படம். 2009 ஜனவரியில் அதை எடுத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் சாறு, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய எழுத்து என்று சுத்தமாக மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் கடை அலமாரியில் தங்கள் பெட்டியைக் கண்டுபிடிக்கத் திணறினார்கள். ஏதோ கடையின் சொந்தச் சரக்கு என்று நினைத்தார்கள். இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் விழுந்தது. பிப்ரவரி முடிவதற்குள் பழைய பழத்தைத் திருப்பிக் கொண்டுவருவதாக நிறுவனம் அறிவித்தது. சாறு மாறவில்லை, விலை மாறவில்லை. படம் மட்டும்தான் எளிமையானது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் கேப் என்ற ஆடை நிறுவனம், நீலச் சதுரத்துக்குள் இருந்த தன் நெட்டை எழுத்தை விட்டு, எங்கும் கிடைக்கிற சாதாரண எழுத்துக்கு மாறி, எதிர்ப்புக்குப் பணிந்து ஒரு வாரத்தில் பின்வாங்கியது.

இதற்கு மறுபக்கத்தில் லைல்ஸ் கோல்டன் சிரப் என்ற இங்கிலாந்துச் சர்க்கரைப் பாகு டப்பா. 1885 முதல் அதன் மேல் ஒரு செத்த சிங்கம் கிடக்கிறது, சுற்றிலும் தேனீக்கள் மொய்க்கின்றன. பைபிளில் வரும் சிம்சோன் கதையிலிருந்து எடுத்த காட்சி. இனிப்புப் பண்டத்தின் மேல் பிணம் வேண்டாம் என்று எந்த டிசைனரும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார். ஆனால் உலகில் மிக நீண்ட காலம் மாறாமல் இருக்கும் பிராண்ட் வடிவம் என்று கின்னஸ் பதிவு பெற்றது அந்த டப்பாதான். 2024இல் பிற பாக்கெட்டுகளுக்கு ஓர் எளிய சிங்க முகத்தை வரைந்துகொண்டபோதும், பழைய டப்பாவின் மேல் பழைய சிங்கத்தை அப்படியே விட்டுவைத்தார்கள்.

திரும்பத் திரும்பப் பார்ப்பதே விருப்பத்தை வளர்க்கிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸயாங்க் 1968இல் காட்டினார். புது லோகோவை வெளியிட்ட அன்றே ‘நன்றாக இருக்கிறதா’ என்று வாக்கெடுப்பு நடத்துவதும், பழையது சலித்துவிட்டது என்று ஐந்து வருடத்துக்கொரு முறை மாற்றுவதும் இந்த உண்மைக்கு எதிரானவை. முதலாளிக்கும் டிசைனருக்கும்தான் அந்தப் படம் சலிக்கிறது, ஏனென்றால் அவர்கள் அதைத் தினமும் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். வாங்குபவர் மாதத்துக்கு ஒரு நிமிடம் பார்த்தால் அதிகம். அவர் கற்றுக்கொண்டு முடிக்கும் நேரத்தில் இவர்கள் மாற்றிவிடுகிறார்கள்.

எதிர்வாதங்களுக்குப் பதில்

‘இன்று எல்லாமே போன் திரைக்குள் வந்துவிட்டது, அந்தச் சிறு கட்டத்துக்குள் சிக்கலான படம் நிற்காது’ என்பார்கள். இதில் நியாயம் உண்டு. ஆப்பிளே 1976இல் மரத்தடியில் நியூட்டன் உட்கார்ந்திருக்கும் நுணுக்கமான படத்தோடு தொடங்கி, சிறிதாக அச்சிட்டால் தெரியாது என்பதால் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டது. ரப்பர் ஸ்டாம்பிலும், சட்டைப் பையின் தையலிலும், ஒரே நிற அச்சிலும் தெரியக்கூடிய ஒரு வடிவம் எல்லா லோகோவுக்கும் தேவை. ஆனால் இது அச்சுத் தொழிலின் தேவை. தேவைக்கேற்பச் சுருக்கிய வடிவம் ஒன்றைக் கூடுதலாகச் செய்துகொள்ளலாம், மூலத்தைக் கொல்ல வேண்டியதில்லை. அளவு சிறிதானால் நுணுக்கம் நிற்காது என்று நினைப்பவர் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பார்க்கட்டும். சாரநாத்தின் சிங்கத் தூண் பிடரி மயிர் வரை அதில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் முத்திரையில் கோபுரம், அதன் இரு பக்கமும் தேசியக் கொடிகள், சிங்கத் தூண், ‘வாய்மையே வெல்லும்’ என்ற வாசகம் எல்லாம் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. கடிதத் தலைப்பின் மூலையில் சிறிதாக அச்சிட்டாலும் தமிழ்நாட்டில் அதைத் தெரியாதவர் இல்லை.

‘லோகோ தொழிலைச் சொல்ல வேண்டும்’ என்ற இன்னொரு விதியும் எளிமைக் கட்சியோடு சேர்ந்தே வரும். பல் மருத்துவமனைக்குப் பல், கட்டுமானக் கம்பெனிக்குக் கூரை, எண்ணெய் ஆலைக்குச் சொட்டு. தெருவில் உள்ள பத்துப் பல் மருத்துவமனைகளுக்கும் பல்லே லோகோ என்றால் அந்தப் பல் யாருடையது? தொழிலைச் சொல்ல பலகையில் இரண்டு சொல் போதும். அந்தப் பத்துப் பேரில் இவர் யார் என்று சொல்வதுதான் லோகோவின் வேலை. சிப்பி பெட்ரோலைச் சொல்லவில்லை, ஆப்பிள் கம்ப்யூட்டரைச் சொல்லவில்லை, சைக்கிள் ஊதுபத்தியைச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை ஒன்றை எளிமையின் ஆசானாகக் கொண்டாடப்படும் பால் ராண்டே எழுதி வைத்திருக்கிறார். ஐபிஎம்முக்கும் ஏபிசி தொலைக்காட்சிக்கும் லோகோ வரைந்தவர் அவர். லோகோ தான் குறிக்கும் பொருளின் தரத்திலிருந்துதான் தன் மதிப்பைப் பெறுகிறது, லோகோவால் பொருளுக்குத் தரம் வந்துவிடாது என்பது அவர் கருத்து. அவருடைய கோடுகளை நகலெடுக்கிற வகுப்பறைகள் இந்தக் கருத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். எல்ஐசியின் லோகோவில் இரண்டு கைகள் ஒரு விளக்குச் சுடரை மறைத்துக் காக்கின்றன. அந்தப் படம் நம் வீடுகளில் மரியாதை பெற்றதற்குக் காரணம், குடும்பத் தலைவர் போன பிறகு அந்தப் பணம் வந்து சேர்ந்தது. பணம் வராமல் போயிருந்தால் அதே கைகளைப் பார்த்து மக்கள் கசந்திருப்பார்கள்.

எளிமை விதி இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதன் உண்மை அல்ல, அதன் வசதி. சொல்லிக் கொடுப்பது எளிது. மென்பொருளில் அரை நாளில் செய்துவிடலாம். தயாராக இருக்கும் மாதிரிகளிலிருந்து எடுத்தும் ஒட்டலாம். ஒரு மயிலை வேறெந்த மயிலும் போல் இல்லாமல் வரைய ஓவியம் தெரிய வேண்டும், அந்தக் கம்பெனியின் கதையைக் கேட்க வேண்டும், கடைத்தெருவில் இறங்கி மற்ற பாக்கெட்டுகளைப் பார்க்க வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்கும் வழியைக் கொள்கை என்று பெயர் சூட்டிக் கற்பிப்பது மாணவர்களுக்கும் நல்லதல்ல, அவர்களை நம்பிப் பணம் கொடுப்பவர்களுக்கும் நல்லதல்ல.

சொந்தமாகத் தொழில் நடத்தும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். லோகோவை மாற்றலாம் என்று யாராவது வந்து சொன்னால், முதலில் அவரை உங்கள் சரக்கு விற்கும் மூன்று கடைகளுக்கு அனுப்புங்கள். வாங்க வருபவர்கள் உங்கள் பொருளை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதி வரச் சொல்லுங்கள். ‘அந்த மயில் போட்ட பாக்கெட்’ என்று ஒருவர் கேட்டாலும் போதும், அந்த மயில் உங்கள் சொத்து. அதன் கோட்டைச் சீராக்குங்கள், அச்சைத் தெளிவாக்குங்கள், மயிலைத் தொடாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர் என்றால், உங்கள் தெருவில் யாரிடமும் இல்லாத ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு ஒரு பெயர் இருக்கட்டும், இருபது வருடம் அதை மாற்றுவதில்லை என்று முடிவெடுங்கள். பிறகு லோகோவை மறந்துவிட்டு, பாக்கெட்டுக்குள் போடும் சரக்கைக் கவனியுங்கள்.